மலைவழி நடந்த மூதாட்டி

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியா மாநிலத்து மலைகளில் தொடங்கிப் பதினான்கு மாநிலங்களைக் கடந்து, மெயின் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது அப்பலாச்சியன் நடைபாதை. 1921ஆம் ஆண்டில் பெண்டன் மெக்கே என்பவர் இப்பாதைக்கான கருத்தை முன்வைத்தார். தன்னார்வலர்கள் மலைமுகடுகளில் புதர்களை வெட்டி வழி திறந்தனர். 1937இல் பாதை முழுமை பெற்றது. அக்காலத்தில் அதன் நீளம் 2,050 மைல். ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். வண்டிகள் செல்லும் சாலையன்று அது. பெரும்பாலான இடங்களில் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அகலமே உடையது. மரங்களிலும் பாறைகளிலும் தீட்டப்பட்ட வெள்ளைப் பட்டைகளே வழிகாட்டி. பட்டை மங்கினாலோ மரம் சாய்ந்தாலோ நடப்பவர் வழி தவற வேண்டியதுதான்.

1948ஆம் ஆண்டில் ஏர்ல் ஷாஃபர் என்னும் முன்னாள் போர்வீரர் இப்பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்து முடித்தார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், அறுபத்தேழு வயது நிரம்பிய ஒரு பெண்மணி, துணை எவருமின்றி அதே பாதையை நடந்து முடித்தார். அவ்வாறு தனித்து நடந்த முதல் பெண் அவரே. எம்மா கேட்வுட் என்பது அவர் பெயர். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். இருபத்து மூன்று பேரப்பிள்ளைகளின் பாட்டி. 'கேட்வுட் பாட்டி' என்றே அமெரிக்கா அவரை அறிந்தது.

பண்ணையும் காடும்

எம்மா 1887ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், ஒகையோ மாநிலத்தின் கேலியா மாவட்டத்தில் பிறந்தார். உடன்பிறந்தாரையும் சேர்த்து அவ்வீட்டில் பதினைந்து பிள்ளைகள். தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில் கால் இழந்தவர். எட்டாம் வகுப்போடு எம்மாவின் பள்ளிப்படிப்பு முடிந்தது. ஆனால் படிக்கும் வழக்கம் அவரைவிட்டு நீங்கவில்லை. வேலைகளுக்கிடையே கிடைத்த பொழுதில் நூல்களைப் படித்தார். செடிகொடிகளின் பெயரும் பயனும் கற்றார். எந்தக் கீரையை உண்ணலாம், எந்த இலை புண்ணை ஆற்றும் என்பதை அறிந்திருந்தார். பிற்காலத்தில் மலைமேல் உணவு தீர்ந்தபோது இவ்வறிவு அவருக்குக் கைகொடுத்தது.

பத்தொன்பதாம் வயதில், 1907இல், கேட்வுட் என்னும் பள்ளி ஆசிரியரை மணந்தார். கணவர் பின்னர்ப் பண்ணைத் தொழிலுக்கு மாறினார். புகையிலைத் தோட்ட வேலை, வேலி கட்டுதல், சமையல், துணி துவைத்தல், பிள்ளைப்பேறு என எம்மாவின் நாள்கள் கழிந்தன. மணமான சில மாதங்களிலேயே கணவர் கைநீட்டத் தொடங்கினார். அது ஒரு நாளோடும் ஓர் ஆண்டோடும் நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எம்மா அடிபட்டார், பற்கள் உடைந்தன, விலா எலும்புகள் முறிந்தன. அடி பொறுக்க முடியாத வேளைகளில் வீட்டைவிட்டு வெளியேறி அருகிலிருந்த காட்டுக்குள் சென்றுவிடுவார். அங்கே எவரும் அவரைத் தேடி வருவதில்லை. பிறர் அஞ்சும் அடர்ந்த காடு, எம்மாவுக்கு அச்சமற்ற ஒரே இடமாயிற்று. முதுமையில் அவர் மேற்கொண்ட நெடும்பயணத்தைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இக்காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1939ஆம் ஆண்டில் ஒருநாள், கணவர் தாக்கியபோது எம்மா மாவு மூட்டையை அவர்மீது எறிந்தார். காவலர் வந்து கைது செய்தது கணவரையல்ல, எம்மாவை. உடைந்த பற்களோடும் கன்றிப்போன முகத்தோடும் சிறையில் இருந்த அவரைக் கண்ட ஊர்த்தலைவர், விடுவித்துத் தம் வீட்டில் தங்கவைத்தார். 1941இல் எம்மா மணவிலக்குப் பெற்றார். மணவிலக்கு அரிதாகவும் இழுக்காகவும் எண்ணப்பட்ட காலம் அது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அதன்பின் உழைத்துத் தம் பிள்ளைகளில் இளையவர்களையும் வளர்த்து ஆளாக்கினார்.

தோல்வியில் கழிந்த கோடை

பிள்ளைகள் தத்தம் வழியில் சென்றபின் ஒருமுறை, 1949ஆம் ஆண்டின் பழைய 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ் ஒன்று எம்மாவின் கையில் கிடைத்தது. அதில் அப்பலாச்சியன் நடைபாதையைப் பற்றிய கட்டுரையும் வண்ணப் படங்களும் இருந்தன. பாதை நன்கு குறியிடப்பட்டது, வழியெங்கும் தங்கும் குடில்கள் உண்டு, நல்ல உடல்நலம் உள்ள எவரும் நடக்கலாம் என்ற எண்ணத்தை அக்கட்டுரை ஊட்டியது. எம்மா அதனை அப்படியே நம்பினார்.

1954ஆம் ஆண்டு ஜூலையில், யாரிடமும் கூறாமல், வடகோடியில் இருந்த கட்டாடின் மலையிலிருந்து தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். தொடங்கிய சில நாள்களிலேயே மெயின் மாநிலத்து அடர்காட்டில் வழி தவறினார். மூக்குக்கண்ணாடி உடைந்தது. உணவு தீர்ந்தது. தேடிக் கண்டுபிடித்த வனக்காவலர்கள், இவ்வயதில் இது தகாது என்று அறிவுறுத்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்பினர். இத்தோல்வியை எம்மா தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் புறப்படுவது என்பதை மட்டும் மனத்தில் முடிவு செய்துகொண்டார். தவறு பாதையின் கடுமையில் மட்டுமில்லை, புறப்பட்ட முனையிலும் இருக்கிறது என்பதைக் கண்டிருக்க வேண்டும்; இம்முறை தெற்கிலிருந்து வடக்கே நடக்கத் திட்டமிட்டார். பயணத்தின் மிகக் கடினமான மெயின் காடுகள் இறுதியில் வரும். அங்குச் சென்று சேர்வதற்குள் கால்கள் பழகிவிடும்.

தோளில் ஒரு துணிப்பை

1955ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், பாதையின் அன்றைய தென்முனையாகிய ஓகில்தோர்ப் மலையிலிருந்து எம்மா நடக்கத் தொடங்கினார். பிள்ளைகளிடம் நடைக்குச் செல்வதாகக் கூறியிருந்தார். எவ்வளவு தொலைவு என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை.

மலைப்பயணம் செல்வோர் கூடாரம், உறக்கப்பை, வரைபடம், திசைகாட்டி, தடித்த தோற்காலணி ஆகியவற்றைச் சுமப்பது வழக்கம். எம்மாவிடம் இவற்றுள் எதுவும் இல்லை. தடித்த டெனிம் துணியில் தாமே தைத்த ஒரு பை. அதனை ஒரு தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். அதனுள் ஒரு போர்வை, ஒரு மழைச்சட்டை, குளியலறையில் மறைப்பாகத் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை, கைவிளக்கு, சிறு கத்தி, அயோடின், புண்ணுக்கு ஒட்டும் கட்டுத்துணி, குறிப்பேடு, பேனா ஆகியவை இருந்தன. ஊருக்குள் செல்ல நேர்ந்தால் அணிவதற்கு ஒரு நல்ல கவுனும் இருந்தது. உணவாக உலர்திராட்சை, நிலக்கடலை, பால்பொடி, தகரக்குப்பியில் அடைத்த இறைச்சி. எல்லாம் சேர்ந்தும் பையின் எடை ஒன்பது கிலோவைத் தாண்டவில்லை. காலில், பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுக்கு அணிவது போன்ற கான்வாஸ் காலணி.

இதனை ஏழ்மை என்றோ அறியாமை என்றோ கருதியோர் அன்று பலர். ஆனால் அப்பையை ஆராய்ந்தால் ஒரு பண்ணைப் பெண்ணின் கணக்கு தெரியும். குளியலறைத் திரை மழையில் கூரையாகும்; ஈரத்தரையில் விரிப்பாகும்; குளிர்காற்றில் மேற்போர்வையாகும். ஒரு பொருள் மூன்று பணி செய்தால் இரண்டைச் சுமக்க வேண்டியதில்லை. குளிர் மிகுந்த இரவுகளில் கற்களை நெருப்பில் சுட்டு, அவற்றின் மேல் படுத்து உடலை வெதுவெதுப்பாக்கிக்கொண்டார். காய்ந்த சருகுகளைக் குவித்துப் படுக்கையாக்கினார். வழியிலுள்ள வீடுகளில் இடம் கேட்டார். சிலர் விருந்தினராக ஏற்றனர். சிலர் ஐயுற்றுக் கதவை மூடினர். இடம் கிடைக்காத இரவுகளில் திண்ணைகளிலும் சுற்றுலாத் தலங்களின் மேசைகள் மீதும் உறங்கினார். இன்று உலகெங்கும் மலைநடைப் பயணிகள் சுமை குறைத்து நடப்பதை ஒரு தனிக்கலையாகப் பேசுகின்றனர். அவர்களுள் பலர் எம்மாவையே தம் முன்னோடியாகக் கருதுகின்றனர்.

மழையும் சேறும்

ஆகஸ்டு மாதத்தில் எம்மா வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களை அடைந்திருந்தார். அவ்வாண்டு அம்மாதத்தில் கானி, டயேன் என்னும் இரண்டு சூறாவளிகள் ஒரு வாரத்திற்குள் அடுத்தடுத்துக் கிழக்குக் கரையைத் தாக்கின. முதல் புயலின் மழையில் நிலம் ஊறி நிறைந்திருந்தது. இரண்டாம் புயலின் நீரை உள்வாங்க அதனால் இயலவில்லை. ஆறுகள் கரையுடைத்தன. பாலங்களும் வீடுகளும் அடித்துச் செல்லப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருவெள்ளம் மிகக் கொடுமையாகத் தாக்கிய பென்சில்வேனியாவை எம்மா முன்பே கடந்து வந்திருந்தார். ஆயினும் மழை அவரைப் பின்தொடர்ந்தது.

வெர்மான்ட் மாநிலத்தின் பசுமை மலைகளில் சேறு என்பது மழைக்காலத்து இடையூறு மட்டுமன்று. அம்மண்ணின் இயல்பே அதுதான். பனியூழிக் காலத்தில் பெரும் பனிப்பாளங்கள் அம்மலைகளைச் சுரண்டிச் சென்றன. எஞ்சியது கெட்டிப்பாறையும் அதன்மேல் மெல்லிய மண்போர்வையும். பாறைக்குள் நீர் இறங்காது; மேலுள்ள மண்ணிலேயே தேங்கும். உதிர்ந்த இலைகள் அந்நீரில் ஊறி மட்கிக் கருநிறச் சகதியாகும். மரங்களும் ஆழ வேரூன்ற இடமின்றித் தம் வேர்களைப் பாம்புகள் போலத் தரைமீதே பரப்பியிருக்கும். பலர் நடந்து நடந்து பள்ளமான பாதை, மழை வந்தால் வாய்க்காலாக மாறும். பனி உருகும் இளவேனிலில் பாதையின் மண் சிதையாதிருக்க வேண்டி, நடக்க வராதீர்கள் என்று இக்காலத்தில் அங்குள்ள மலைநடைக் கழகத்தினரே வேண்டிக்கொள்கின்றனர்.

இத்தகைய நிலத்தில், சூறாவளி மழைக்குப் பிந்திய நாள்களில், அறுபத்தேழு வயதுப் பெண் ஒருவர் நடப்பதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பார்க்கலாம். கால் வைக்கும் இடம் பாறையா, வேரா, முழங்கால் ஆழச் சகதியா என்பதை ஒவ்வோர் அடியிலும் முடிவு செய்ய வேண்டும். நனைந்த வேர் எண்ணெய் தடவியது போல வழுக்கும். சேற்றில் புதைந்த காலை இழுத்தெடுக்கும்போது காலணி உள்ளேயே தங்கிவிட முயலும். இருபுறமும் அடர்ந்த ஈரப்புதர். மழை நின்ற பின்னும் ஒவ்வொரு கிளையும் தன் பங்கு நீரை நடப்பவர்மீது கொட்டும். இங்கேதான் அவருடைய மலிவான காலணி தன் தகுதியைக் காட்டியது. தடித்த தோற்காலணிக்குள் நீர் புகுந்தால் வெளியேறாது, கல்லாய்க் கனக்கும். கான்வாஸ் துணியில் நீர் எளிதாகப் புகும். அவ்வாறே ஒவ்வோர் அடியிலும் பிதுங்கி வெளியேறும். கிழிந்தால் அடுத்த ஊரில் வேறொன்று வாங்கலாம். பயணம் முடிவதற்குள் அவர் அத்தகைய காலணிகள் பலவற்றைத் தேய்த்துத் தீர்த்தார்.

வெர்மான்டில் கிளாரண்டன் என்னும் பள்ளத்தாக்கை அடைந்தபோது நடை நின்றது. சாதாரண நாள்களில் பாறைகளுக்கிடையே அடங்கி ஓடும் ஆறு, அன்று மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு பாய்ந்தது. கடப்பதற்குப் பாலம் இல்லை. எம்மாவுக்கு நீந்தத் தெரிந்திருந்தாலும் அவ்வெள்ளத்தில் அது பயன்பட்டிராது. பாதையில் பின்தங்காமல் செல்ல வேண்டும் என்னும் வேகம் கொண்டவர் எவரும் அங்கே இறங்கிப் பார்க்கத் துணிந்திருக்கலாம். எம்மா இறங்கவில்லை. கரையிலேயே அமர்ந்தார், ஈரத்துணிகளைப் பாறையில் உலர்த்தினார், எவரேனும் வருவார் எனக் காத்திருந்தார். ஆளற்ற மலைக்காட்டில் அது உறுதியற்ற நம்பிக்கைதான்.

கடற்படைப் பணியிலிருந்து அண்மையில் விடுவிக்கப்பட்ட இரண்டு இளைஞர்கள் அவ்வழியே வந்தனர். அவர்களும் மலைநடைப் பயணிகளே. மூவரும் தங்கள் உடலை ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டனர். முன்னே ஓர் இளைஞர், பின்னே ஓர் இளைஞர், நடுவில் எம்மா. நீரின் இழுப்புக்கு உடலைச் சாய்த்துக்கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத கற்களைக் காலால் தடவித் தடவி அவர்கள் அக்கரை சேர்ந்தனர். தனியே நடந்தவர் என்று புகழப்படும் எம்மா, தேவையான இடத்தில் பிறர் உதவியை ஏற்பதை இழுக்காகக் கருதவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. கரையேறியபின் அவர் மீண்டும் தம் வழியில் நடந்தார்.

செய்தித்தாள்கள் கேளாதது

வர்ஜீனியா மாநிலத்தைக் கடக்கும்போதே செய்தியாளர்கள் எம்மாவைக் கண்டுபிடித்திருந்தனர். நாளிதழ்கள் அவர் படத்தை வெளியிட்டன. தாய் எங்கே இருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் அவற்றைப் படித்தே அறிந்தனர். புகழ்பெற்ற விளையாட்டு இதழ் ஒன்றும் அவரைப் பற்றி எழுதியது. ஏன் நடக்கிறார் என்று அனைவரும் வினவினர். வேடிக்கைக்காக என்பது போன்ற எளிய விடைகளையே அவர் அளித்தார். கணவரைப் பற்றிக் கேட்டவர்களிடம் தாம் கைம்பெண் என்றார். கணவரோ அப்போது ஒகையோவில் உயிருடன் இருந்தார். துணிச்சல் மிக்க பாட்டி என்னும் படத்தோடு செய்தித்தாள்கள் நிறைவடைந்தன. அந்தப் படத்திற்குப் பின்னால் இருந்த முப்பது ஆண்டுகளை அவை தேடவில்லை. அந்த ஆண்டுகளை ஊருக்குக் காட்ட எம்மாவும் விரும்பவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் மறைக்காமல் கூறினார். இதழில் படித்த பாதை வேறு, நடந்த பாதை வேறு என்பதே அது. குறியீடுகள் அழிந்திருந்தன, குடில்கள் இடிந்தும் எரிந்தும் கிடந்தன, சாய்ந்த மரங்களும் மண்சரிவும் வழியை மறித்தன. நாடறிந்த மூதாட்டி ஒருவர் இவ்வாறு குறை கூறியதும் பாதையைப் பேணுவோரின் கவனம் அங்கே திரும்பியது. 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய நடைபாதைகள் சட்டத்தை இயற்றி, அப்பலாச்சியன் பாதைக்கு அரசின் பாதுகாப்பை அளித்தது. அதற்குப் பலர் உழைத்தனர். பாதையை மக்கள் மனத்தில் நிறுத்தியோருள் எம்மாவும் ஒருவர்.

கட்டாடின்

செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைகளைக் கடந்து மெயினுக்குள் நுழைந்தார். வீடளவு பாறைகள் குவிந்து கிடக்கும் மஹூசுக் கணவாயில், பாறைகளின் மேலும் அடியிலும் தவழ்ந்தே செல்ல வேண்டும். அதனைத் தாண்டினால் சதுப்பு நிலங்கள். அவற்றின்மேல் கிடத்தப்பட்ட மரத்துண்டுகள் பாதி மூழ்கிக் கிடந்தன. குளிரும் தொடங்கிவிட்டது. கால்கள் வீங்கிப் பெரிதாகியிருந்தன. காலில் வலியோடுதான் நடந்தார். சென்ற ஆண்டில் வழி தவறிய அதே காடு மீண்டும் வந்தது. இம்முறை அவர் வழி தவறவில்லை.

செப்டம்பர் 25ஆம் நாள் கட்டாடின் மலையின் உச்சியை அடைந்தார். 5,267 அடி உயரமுள்ள அம்மலைமீது குளிர்காற்று வீசியது. உடன் மகிழ எவரும் இல்லை. எம்மா அங்கிருந்த பதிவேட்டில் கையெழுத்திட்டார், தம் நாட்டைப் போற்றும் பாடலொன்றின் முதற்பகுதியைத் தனியே நின்று பாடினார், பின்னர் இறங்கினார். புறப்பட்ட நாளிலிருந்து 146 நாள்கள் ஆகியிருந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக இருபத்திரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நடந்திருந்தார்.

ஒருமுறை வென்றதும் ஓய்ந்திருப்பார் என எண்ணியோருக்கு வியப்பு காத்திருந்தது. 1957இல் அதே பாதையை மீண்டும் முழுவதும் நடந்தார். பின்னர்ப் பகுதி பகுதியாக நடந்து, 1964இல் மூன்றாம் முறையாகவும் முடித்தார். மூன்றுமுறை அப்பாதையை நிறைவு செய்த முதல் மனிதர் அவரே. இடையில் 1959இல், குடியேறிகள் மாட்டுவண்டிகளில் சென்ற பழைய ஒரிகன் வழியைப் பின்பற்றி, மிசௌரியின் இண்டிபெண்டன்சிலிருந்து போர்ட்லாந்துவரை ஏறத்தாழ 2,000 மைல் நடந்தார். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. சொந்த மாநிலத்தில் பக்கை நடைபாதை உருவாகவும் பாடுபட்டார். அதற்காகக் காட்டில் புதர் வெட்டும் பணியையும் செய்தார்.

1968இல் முன்னாள் கணவர் மரணப் படுக்கையில் எம்மாவைக் காண விரும்பினார். எம்மா சென்றார்; அறைவாசலில் சற்று நேரம் நின்றார்; திரும்பி வந்துவிட்டார்.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில், ஒகையோவின் ஹாக்கிங் குன்றுகளில் சனவரி தோறும் நடைபெற்ற குளிர்கால நடைக்குச் சிவப்புத் தொப்பி அணிந்து தலைமை தாங்கினார். 1973ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில் காலமானார். ஆஷ் குகைக்குச் செல்லும் ஆறு மைல் நீளமுள்ள அந்தப் பாதை இன்று அவர் பெயரால் வழங்கப்படுகிறது. ஆண்டுதோறும் சனவரியில் ஆயிரக்கணக்கானோர், உறைபனியும் சேறும் கலந்த அவ்வழியில் நடக்க வருகின்றனர்.